விருந்தாளியின் பையில் ஒரு சீப்பு

(வெளிநாட்டு விருந்தினரை வரவேற்கும் தன்னார்வலர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பேருந்துக் கதையோடு தொடங்குகிறேன். உங்களில் சிலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. அதற்காகத்தான் மறுபடியும் சொல்கிறேன்.

1971 ஏப்ரல் 4. ஜப்பானின் நகோயா நகரில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி நடந்துகொண்டிருந்தது. க்ளென் கோவன் என்ற இளம் அமெரிக்க ஆட்டக்காரர் தன் அணியின் பேருந்தைத் தவறவிட்டுவிட்டுச் சீன அணியின் பேருந்தில் ஏறினார். இரண்டு நாடுகளுக்கும் இருபது வருடத்துக்கு மேலாகத் தூதரக உறவே கிடையாது. அமெரிக்கர்களோடு பழக வேண்டாம் என்று சீன வீரர்களுக்கு உத்தரவு வேறு இருந்தது. வண்டி ஓடுகிறது, யாரும் வாயைத் திறக்கவில்லை. பின்னிருக்கையில் சுவாங் சேதோங். மூன்று முறை உலகச் சாம்பியன். அவர் எழுந்து வந்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் அந்த இளைஞரோடு பேசினார், ஹுவாங்ஷான் மலையைப் பட்டுத் துணியில் அச்சிட்ட படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று கோவன் தன் பையைத் துழாவியிருக்கிறார். கையில் அகப்பட்டது ஒரு சீப்பு. "சீப்பைக் கொடுக்க முடியாதே" என்று சங்கடப்பட்டாராம். சுவாங் பிற்காலத்தில் தன் வாயால் சொன்னது இது. மறுநாள் கோவன் சமாதானச் சின்னம் போட்ட ஒரு டி-சர்ட்டைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.

அப்புறம் நடந்தது வரலாறு. ஏப்ரல் 10 அன்று அமெரிக்க அணி சீனாவுக்குள் கால்வைத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் நிக்சனே போனார். இரண்டு அரசுகளும் ஏற்கெனவே ஒன்றையொன்று நெருங்கப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு டி-சர்ட் உலகத்தைத் திருப்பிப் போட்டுவிடவில்லை. நிக்சனில் முடிவதால்தான் பலரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு மனதில் நிற்பது அந்தச் சீப்பு. விருந்தாளிக்குக் கை வெறுமையாக இருப்பது பிடிக்காது. வாங்கிக்கொண்டே இருப்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. நாம் நடத்துகிற வரவேற்புக் கூட்டங்களில் அந்தக் கூச்சத்தைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை.

நாம் செய்கிற வேலைக்கு 'மக்கள் ராஜதந்திரம்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. ராஜாவும் இல்லை, தந்திரமும் இருக்கக் கூடாது. நம் மொழியில் 'தூது' என்று ஒரு சொல் இருக்கிறதே. கிளியையும் மேகத்தையும் தென்றலையும் தூது அனுப்பிப் பாட்டுக்கட்டியவர்கள் நாம். அந்தத் தூதில் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. மனசு போய்ச் சேர்ந்தால் போதும். 'மக்கள் தூது' என்றே நான் சொல்கிறேன்.

இதற்குப் பின்னால் அரசுகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கு நாம் அறிந்த பெரிய ஏற்பாடு, அமெரிக்க அரசின் சர்வதேச விருந்தினர் திட்டம், 1940-இல் தொடங்கியது. போர்க்காலம். லத்தீன் அமெரிக்காவில் ஜெர்மனியின் செல்வாக்கு வளர்ந்துவிடக் கூடாது என்ற கவலையில், பிற்காலத்தில் அமெரிக்கத் துணை அதிபரான நெல்சன் ராக்ஃபெல்லரின் பொறுப்பில் அங்கிருந்து பத்திரிகையாளர்களை அழைத்துவந்தார்கள். காரணம் அரசியல்தான். ஆனால் வந்தவர்களை ஊர் ஊராக அழைத்துப்போய்ச் சாதாரண மக்களின் வீட்டில் உட்காரவைக்க அரசால் முடியாது. அதை ஆங்காங்கே உள்ளூர்த் தன்னார்வலர்கள் எடுத்துச் செய்தார்கள். 1961-இல் அந்தக் குழுக்களுக்கென்று ஒரு தேசிய அமைப்பே உருவாயிற்று. அந்தத் திட்டத்துக்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. அந்தந்த நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். வருகிறவர்கள் தலைநகரில் சில நாள், அப்புறம் மூன்று நான்கு ஊர்கள், ஒரு மாலை யாராவது ஒருவர் வீட்டுச் சாப்பாடு என்று சுற்றிவிட்டு ஊர் திரும்புவார்கள்.

இதுவரை வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்பது கணக்கு. அவர்களில் 500-க்கும் அதிகமானோர் பிற்பாடு நாட்டின் தலைவர்கள் ஆனார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான மார்கரெட் தாட்சர் 1967-இல் ஆறு வாரம் அப்படிச் சுற்றியவர்தான். அப்போது அவர் எதிர்க்கட்சி எம்.பி. அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் இந்த 500 கணக்கு எனக்குக் கொஞ்சம் கசக்கும். இவர் நாளைக்குப் பிரதமர் ஆவார் என்று மனதில் வைத்துக்கொண்டு ஒருவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுத்தால், அந்தத் தண்ணீரே தந்திரமாகிவிடும். மிச்சமிருக்கிற 1,99,500 பேரைப் பற்றி யோசியுங்கள். நம் கூட்டத்துக்கு வரப்போவது அவர்கள்தான்.

அரசு வாசனையே இல்லாமல் தொடங்கியதும் உண்டு. 1949-இல் டென்மார்க்கில், போர் முடிந்த கையோடு, சில இளைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய சர்வாஸ் என்ற அமைப்பு. எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராந்தோ மொழியில் சேவை செய்வதைக் குறிக்கிற சொல். பயணி வருவார், இரண்டு இரவு தங்குவார், பணம் கைமாறாது. வீட்டுக்காரர் அவருக்காக வீட்டை மாற்றிவைக்க வேண்டியதில்லை. துணி துவைக்கிற நாளென்றால் அன்றைக்குத் துணி துவைப்பார்கள், பயணி பிழிந்து கொடுப்பார். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

இன்னொன்று சொல்லாமல் தாண்ட முடியாது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம் 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோனது. இரண்டு வருடம் கழித்து சோவியத் நாட்டின் ஸ்டாலின்கிராட் நகரம் அதைவிட மோசமாகச் சிதைந்துகொண்டிருந்தது. கோவென்ட்ரிப் பெண்கள் ஒரு மேசைவிரிப்பை எடுத்தார்கள். 830 பெண்களின் பெயர்கள் அதில் நூலால் தைக்கப்பட்டன. கூடவே ஒரு வாசகம்: பெரிய அனுதாபத்தைவிடச் சிறிய உதவி மேல். அந்த விரிப்பு ஸ்டாலின்கிராடுக்குப் போயிற்று. 1944-இல் இரண்டும் இணை நகரங்கள் ஆயின. எனக்கு இதில் பிடித்தது, அது மேசைவிரிப்பு என்பது. வெண்கலத் தட்டோ பட்டயமோ அனுப்பியிருந்தால் சுவரில் மாட்டியிருப்பார்கள். மேசைவிரிப்பு என்றால், நான்கு பேர் சுற்றி உட்காருவார்கள் என்று நினைத்துத் தைத்தது.

சரி, நம் கதைக்கு வருவோம்.

நான் முதன்முதலில் பொறுப்பெடுத்து நடத்திய கூட்டம் எப்படி இருந்தது தெரியுமா? மேடை. பின்னால் பேனர். ஒன்பது விருந்தினர்களும் மேடையில் வரிசையாக. வரவேற்புரை மூன்று பேர், அதில் நான் ஒருவன். பூங்கொத்து, நினைவுப் பரிசு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம். பரிசு என்னவென்றால் கண்ணாடிச் சட்டம் போட்ட கனமான ஷீல்டு. விமானத்தில் 23 கிலோ பெட்டியோடு இன்னும் மூன்று ஊர் போக வேண்டிய மனிதர்களுக்கு! கடைசியில் மணியைப் பார்த்தால் ஆறு நிமிடம் மிச்சம். "விருந்தினர்கள் இரண்டு வார்த்தை பேசலாம்" என்றேன். ஒன்பது பேருக்கு ஆறு நிமிடம், மொழிபெயர்ப்பையும் சேர்த்து. ஒரு பெண் எழுந்து, நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் தாதியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், நாங்களே அந்த வருடம் அப்படியொரு பயிற்சியை எப்படித் தொடங்குவது என்று திண்டாடிக்கொண்டிருந்தோம் என்பதெல்லாம் அவர் போன பிறகு, அவருடைய குறிப்புத் தாளைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தாள் இரண்டு வாரமாக என் பையிலேயே இருந்திருக்கிறது.

அவரிடம் கொடுப்பதற்கு இருந்தது சீப்பு இல்லை. நான்தான் பையைத் திறக்கவிடவில்லை.

அதன் பிறகு மேடையை விட்டுவிட்டேன். ஒரு மேசைக்கு எட்டுப் பேர், அதில் விருந்தினர் மூவருக்கு மேல் வேண்டாம். கூட்டத்துக்கு முன்பே விருந்தினர் யார், என்ன வேலை என்று பார்த்து, அவர்களிடம் கேட்க நிஜமாகவே கேள்வி இருக்கிற ஆட்களை அந்த மேசைக்கு அழையுங்கள். ஊர்ப் பிரமுகர் வந்தே ஆக வேண்டுமென்றால் வரட்டும், ஆனால் அவரும் கேள்வி கேட்கிற இடத்தில்தான் உட்கார வேண்டும். இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

மொழிபெயர்ப்பாளர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கூட்டங்கள் கெட்டுப்போவது இங்கேதான். "அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சொல்கிறோம். விருந்தினர் எதிரே உட்கார்ந்து, தன்னைப் பற்றி யாரோ பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். விருந்தினரின் கண்ணைப் பார்த்து "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், குரல் மட்டும் பக்கத்திலிருந்து வரட்டும். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். நகைச்சுவை சொன்னால் சிரிப்பு தாமதமாகத்தான் வரும், பதறாதீர்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆகவே நிகழ்ச்சியைப் பாதியாகக் குறையுங்கள். இன்னொன்று, எல்லோரும் சாப்பிடும்போது மொழிபெயர்ப்பாளர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார். அவருக்கென்று ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பசியோடு இருக்கிறவர் சுருக்கமாகத்தான் மொழிபெயர்ப்பார்.

பெயரை முதலிலேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சீனர், ஜப்பானியர் மட்டுமில்லை, ஹங்கேரிக்காரர்களுக்கும் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். தூரத்திலிருந்து வந்தவருக்கு உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் கண் சொக்கினால் அது அலட்சியம் இல்லை. சாப்பாட்டில் எது ஆகாது என்பதை அன்றைக்குக் கேட்காமல் முந்தின வாரமே கேளுங்கள்.

படம் எடுப்பதில் மட்டும் நான் கறார். நம் ஊர் மாதிரி எல்லா ஊரிலும் எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியாது. நாம் உற்சாகத்தில் இணையத்தில் போடுகிற ஒரு படம், அவர் யாரோடு உட்கார்ந்தார் என்று அவருடைய நாட்டில் யாரோ ஒருவர் விசாரிக்கக் காரணமாகலாம். கேட்டுவிட்டு எடுங்கள், போடுவதற்கு முன் இன்னொரு முறை கேளுங்கள். அதேபோல, உடன் வந்த சக நாட்டவர் முன்னால் "உங்கள் அரசைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். பதில் சொன்னாலும் அவருக்கு ஆபத்து, சொல்லாவிட்டாலும் சங்கடம்.

ஆனால் அவர் நம்மிடம் அப்படிக் கேட்கலாம், கேட்பார். அங்கேதான் நம் ஆட்களுக்கு உடனே அரசின் பேச்சாளர் ஆகிவிடுகிற வியாதி. நீங்கள் தூதரகம் இல்லை. உங்களுக்குப் பிடிக்காத கொள்கை இருந்தால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஒரு கூட்டத்தில் என் நண்பர்கள் இருவர், நூலகத்தை இடம் மாற்றலாமா கூடாதா என்று விருந்தினர்கள் எதிரிலேயே முட்டிக்கொண்டார்கள். நான் மேசைக்கு அடியில் காலால் இடிக்கிறேன், நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே இரண்டு பக்கத்தையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு விருந்தினர் கேட்டார்: "நாளைக்கும் நீங்கள் இருவரும் நண்பர்களா?" "இவன் வண்டியில்தானே நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்றார் ஒருவர். விருந்தினர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நாங்கள் தயாரித்து வைத்திருந்த அறிமுகப் படக்காட்சியில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

கடைசியாக நாற்காலி விஷயம்.

அதே கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, விருந்தினர்களில் இருவர் நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் அடுக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பதறிவிட்டது. "ஐயோ, நீங்கள் விருந்தாளி, விடுங்கள்" என்று ஓடினேன். மொழிபெயர்ப்பாளர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவர்களை விடுங்கள், மூன்று வாரமாக எங்கே போனாலும் உட்காரத்தான் வைக்கிறார்கள்" என்றார். அடுக்கியபடியே ஒருவர் தன் ஊர் மன்றத்தில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எவ்வளவு பாடு என்று பேச ஆரம்பித்தார். எங்கள் செயலாளர் ஒரு முனை, அவர் ஒரு முனை மேசையைத் தூக்கிக்கொண்டு அரங்கைக் கடந்து போனார்கள். பேச்சு நிற்கவில்லை, மேசையைக் கீழே வைக்கவும் இல்லை. அன்றைக்கு இரண்டு மணி நேரத்தில் நடக்காதது அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது. அவர்கள் இருவரும் இப்போதும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள்.

அன்றிலிருந்து அரங்கத்துப் பணியாளரிடம் நான் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவேன், இருபது நாற்காலியைத் தொடாமல் விட்டுவிடுங்கள் என்று. இன்றைக்கும் சொல்லியிருக்கிறேன். கதவருகே இருப்பவர்கள் கடைசி வரிசையிலிருந்து தொடங்கலாம்.

வணக்கம்.