சின்னம்மாவின் அரைப் பேர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஹட்டன் குளிரிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வராததற்குக் காரணம் அவர்களுடைய வெட்கமா, அவர்களுக்கு எட்டாத வசதியா? எட்டாத வசதிதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், பரிசோதனை இலவசம் என்றார். 1996 முதல் பெண்களுக்கென்றே சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, 35 வயதிலும் 45 வயதிலும் வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பெண்கள்தான் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார்கள் என்றார். அப்புறம், "தேருக்கு மூன்று நாள் வேலைக்குப் போகாதவர்களுக்கு, கிளினிக்குக்கு அரை நாள் கிடைக்காதா?" என்று கேட்டார்.

அந்த அரை நாளைச் சொல்கிறேன். என் சின்னம்மா தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிறவர். 35 வயதில் கிளினிக்குக்குப் போனார். லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, பஸ் ரோட்டுக்கு மூன்று கட்டைத் தூரம், இறக்கம். முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கிளினிக்கில் கருப்பைக் கழுத்திலிருந்து மாதிரி எடுக்கும் பெப் பரிசோதனைக்குப் பிடித்தது ஐந்து நிமிடம். வரிசையில் நின்றதும் வழியில் போனதும் மீதி. ஓட்டமாய் வந்து, சேலையை மாற்றி, பகலுக்கு மேல் மலைக்கு ஏறினார். அந்தியில் கொழுந்தை எடை போட்டபோது கிலோ போதவில்லை. அரைப் பேர் போட்டார்கள், அதாவது பாதி நாள் சம்பளம்.

தேருக்குத் தோட்டமே நிற்கிறது, நடுவர் அவர்களே. அன்றைக்கு யாரும் தனியாகச் சம்பளத்தை இழப்பதில்லை. கிளினிக் நாளில் சின்னம்மா தனியாக இழந்தார்.

கதை அதோடு முடியவில்லை. மாதங்கள் கழித்து லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் தொங்கிய கலண்டருக்குப் பின்னால் ஒரு கடிதம் செருகியிருந்தது, நான்காக மடித்து. முழுக்கச் சிங்களத்தில். "ஏதோ கிளினிக் கடுதாசி, பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். வாசித்தேன். எடுத்த மாதிரி போதவில்லை, திரும்ப வந்து பரிசோதித்துக்கொள்ளவும் என்று இருந்தது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதானே? கூப்பிட்டவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள், கூப்பிட்டது அவருக்குத் தெரியவே இல்லை. மறுபடி கூட்டிக்கொண்டு போனோம், நல்லபடியாக இருந்தது. ஆனால் அந்தக் கடிதம் கலண்டருக்குப் பின்னால் கிடந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும்.

ஏன் கலங்குகிறது என்றால், இந்த நோய் அப்படிப்பட்டது. எச்பிவி என்கிற வைரஸ் தங்கிப்போனால், கருப்பைக் கழுத்தில் உள்ள கலங்கள் மெதுவாக மாறத் தொடங்கும். புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பதினைந்து இருபது வருடம் ஆகும். அத்தனை வருடமும் வலி கிடையாது. அந்தக் காலத்தில் கண்டுபிடித்தால் சின்னச் சிகிச்சையிலேயே தடுத்துவிடலாம். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுகிறது என்று பயந்து ஓடும்போது காலம் கடந்திருக்கலாம்.

சரி, வெட்கத்துக்கு வருகிறேன். வெட்கம் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் இதே பெண்கள் பிள்ளைக்கு ஊசி போட வராமல் இருந்தார்களா? வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பரிசோதனைக்குப் படுக்காமல் இருந்தார்களா? குடும்ப நல மாது லயத்து வாசலுக்கே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், போனார்கள். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். ஊசி பள்ளிக்கூடத்துக்கே வந்தது, பிள்ளைகள் கையை நீட்டினார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாமாருக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பரிசோதனை ஒன்றுதான். அதுதான் மூன்று கட்டைக்கு அப்பால் இருக்கிறது.

வெட்கமே பெரிய தடை என்று எதிரணி இன்னமும் நின்றால், அதற்கும் வழி இருக்கிறது. எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்குப் பெண் தானே மறைவில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டியிருக்கிறது. மாதிரி எடுக்கும் அந்தக் குச்சியை லயத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் இதே மேடையில் என் கட்சியை விட்டுவிடுகிறேன்.

2030க்குள் நூற்றுக்கு எழுபது பெண்களை 35 வயதுக்குள் ஒருமுறையும் 45க்குள் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் இலக்கு. டவுனில் இருக்கிற பெண்களை வைத்தே நாட்டின் கணக்கு உயர்ந்துவிடலாம். மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் மேல் டிவிஷன்களில் இருக்கிறவர்களைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

சின்னம்மாவுக்கு வருகிற தை மாதம் 45 வயது. இந்தமுறை நானே கூட்டிக்கொண்டு போவேன். பஸ் காசு என்னுடையது, கடிதம் வந்தால் வாசிக்கவும் நான் இருக்கிறேன். அவருடைய லயத்தில் அதே வயதில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிளினிக் மாதத்தில் ஒருநாளாவது தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரட்டும், கடிதம் தமிழில் வரட்டும், போன நாளுக்கு முழுப் பேர் விழட்டும். இவ்வளவும் செய்த பிறகு வெட்கத்தைப் பற்றிப் பேசலாம். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.