சிப்பாய்க்கு இருக்கும் ஒரே வாய்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கம்மவான்பேட்டையிலிருந்து வந்து முன்வரிசையில் இன்னும் விறைப்பாகவே உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தினரே, வேலூர்ப் பெரியோர்களே, வணக்கம்.

கருத்து மாறுபட்ட பாதுகாப்பு அமைச்சரை நாட்டின் தலைவர் நீக்குவது உரிமையா, ஆபத்தா என்பது தலைப்பு. ஆபத்தே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, அமைச்சர்களின் நியமனமும் பதவிக்காலமும் பற்றிய அரசமைப்பின் 75ஆவது பிரிவைக் காட்டினார். பிரதமர் வேண்டாம் என்று சொன்ன பிறகு ஒருவர் அமைச்சராக நீடிக்கக் கூடாது என்று 1948 டிசம்பரில் அம்பேத்கரே பேசியதையும் எடுத்துச் சொன்னார். அத்தனையும் சரி. உரிமை இல்லை என்று நாங்கள் எங்கே சொன்னோம்? "பஸ்ஸுக்கு டிரைவர் ஒருத்தர்தான்" என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். வாங்கட்டும். ஆனால் படியில் ஆள் தொங்குவதைப் பார்த்து விசில் அடித்த கண்டக்டரை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனால் அந்த பஸ்ஸில் ஐயா ஏறுவாரா?

இஸ்ரேலுக்கு வருகிறேன். 2023 தொடக்கத்தில் நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டங்களைப் பிரதமர் நெதன்யாகுவின் அரசு கொண்டுவந்தது. நாடே இரண்டாகப் பிளந்தது. அழைத்தால் படைக்கு வர வேண்டிய ரிசர்வ் வீரர்கள் பலர் பணிக்கு வரமாட்டோம் என்றார்கள். மார்ச் 25ஆம் தேதி இரவு பாதுகாப்பு அமைச்சர் யோவ் கேலண்ட் தொலைக்காட்சியில் தோன்றி, இந்தப் பிளவு ராணுவத்துக்குள்ளும் வந்துவிட்டது, நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து, சட்டத்தை நிறுத்தி வையுங்கள் என்றார். மறுநாளே நீக்கம்! அவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, நெதன்யாகுவின் அதே லிக்குட் கட்சிக்காரர். தென்பிராந்தியப் படைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் சும்மா இருந்திருக்க வேண்டும் என்கிறது எதிரணி. சொல்ல வேண்டியதை அமைச்சரவை அறைக்குள் சொல்லட்டுமாம். அறைக்குள் சொல்லிக் கேட்காதபோது என்ன செய்வது? முன்வரிசையில் இருக்கும் ஐயாமார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ராணுவ வீரன் சங்கம் வைக்க முடியாது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க முடியாது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் 21ஆவது பிரிவில் அதற்கெல்லாம் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. போட்டதும் நியாயம்தான், துப்பாக்கி வைத்திருப்பவன் அரசியல் பேசினால் ஜனநாயகம் தாங்காது. அப்படியானால் படைக்குள் என்ன நடக்கிறது என்பதை யார் சொல்வது? அமைச்சர்தான் சொல்ல வேண்டும். சிப்பாய்க்கு இருக்கும் ஒரே வாய் அவர்தான். மற்ற அமைச்சரை நீக்குவதும் இவரை நீக்குவதும் ஒன்றல்ல என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதை வேலூர்க்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்? 1806இல் நம் கோட்டையில் என்ன நடந்தது? புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று உத்தரவு. மே மாதமே சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்க் கலகம் வரப்போகிறது என்று சொன்னார். பைத்தியம் என்று அவரைப் பிடித்து அடைத்தார்கள். நமக்கு அவர் காட்டிக்கொடுத்தவர், அது வேறு கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஜூலை 10 விடியற்காலையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். தளபதி கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. எச்சரித்தவனை உள்ளே தள்ளிய நிர்வாகத்துக்குக் கிடைத்த சம்பளம் அது.

எதிரணி அம்மா ஒருவர், நேருவின் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனைச் சொன்னார். நேரு அவரை முன்பே நீக்கியிருந்தால் 1962 சீனப் போர் வந்திருக்காது என்றார். வந்திருக்குமா இல்லையா என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் மேனன் தலைவரோடு முரண்பட்டவரா? நேருவுக்கு மிக நெருக்கமானவர் அம்மா! மேனனோடு ஒத்துப்போக முடியாமல் 1959இல் ராஜினாமா கடிதம் கொடுத்தவர் தளபதி திம்மையா. நேரு பேசி அதைத் திரும்பப் பெற வைத்தார். நெருக்கமானவர் நீடித்தார், எச்சரித்தவர் ஓய்வு பெற்றுப் போனார். இது எங்கள் அணிக்கு அந்த அம்மா கொடுத்த சீதனம்.

கேலண்ட் ஒன்றும் புனிதர் இல்லை. காசா போரை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 2024 நவம்பர் 21 அன்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகுவுக்கும் அவருக்கும் சேர்த்தே பிடியாணை போட்டது. பதவியில் ஒத்துப்போகாதவர்கள் வாரண்டில் ஒன்றாகிவிட்டார்கள்! ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பு, நவம்பர் 5 அன்று, முதல் நீக்கத்துக்குப் பிறகு திரும்ப வைத்துக்கொண்ட அவரை, போர் நடந்துகொண்டிருக்கும்போதே நெதன்யாகு இரண்டாவது முறை நீக்கினாரே, அது எதற்காக? நம்பிக்கை போய்விட்டது என்றார் பிரதமர். கேலண்ட் சொன்ன காரணங்கள் மூன்று: தீவிர மதப் பிரிவு இளைஞர்களும் படையில் சேர வேண்டும், ஹமாஸ் பிடித்துவைத்த பிணைக் கைதிகளை மீட்க வேண்டும், 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதல் பற்றி விசாரணைக் குழு வேண்டும். முதல் கோரிக்கையில் கூட்டணி மதக் கட்சிகளுக்குக் கோபம். மூன்றாவது வந்தால் பிரதமரே பதில் சொல்ல வேண்டும். இதில் எங்கே ஐயா போர் உத்தி?

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார், ஒன்று குறைந்தது. வாய் இல்லாத அமைச்சரைச் சேர்த்து எதிரணி அந்தக் கணக்கைச் சரிசெய்யப் பார்க்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடிக்கிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. 2023 மார்ச்சில் நீக்கிய அதே அமைச்சரை, மக்கள் தெருவுக்கு வந்ததும், ஏப்ரல் 10 அன்று நீங்களே இருங்கள் என்று நெதன்யாகு வைத்துக்கொண்டார். நீக்கியது சரியான உரிமை என்றால், திரும்ப வைத்துக்கொண்டது எதற்காக? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.