203 இருக்கைகள், ஒரே ஒருவர் வித்தியாசம்: பென்சில்வேனியா கீழவையின் கதை

[காட்சி: ஹாரிஸ்பர்க் நகரம். பச்சை ஓடு வேய்ந்த சட்டமன்றக் குவிமாடம்.]

2023 ஜனவரி 3. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் புதிய சட்டமன்றம் கூடுகிறது. இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த தேர்தலில் கீழவையின் 203 இடங்களில் ஜனநாயகக் கட்சி 102 இடங்களை வென்றிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கைக்கு வந்த பெரும்பான்மை. குடியரசுக் கட்சிக்கு 101. ஆனால் அன்று உறுதிமொழி ஏற்க எழுந்து நின்றவர்களை எண்ணினால் கணக்கு தலைகீழாக இருக்கிறது. குடியரசுக் கட்சியினர் 101 பேர். ஜனநாயகக் கட்சியினர் 99 பேர்தான்.

மற்ற மூவர் எங்கே?

[காட்சி: வரைபடம். பிட்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள அலிகெனி மாவட்டம். மூன்று தொகுதிகள் ஒளிர்கின்றன.]

ஆந்தனி டெலூக்கா 1983 முதல் இந்த அவையில் இருந்தவர். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு காலமானார். வாக்குச்சீட்டில் பெயரை மாற்ற நேரமில்லை. தொகுதி மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். சம்மர் லீ, ஆஸ்டின் டேவிஸ் இருவரும் ஒரே நாளில் இரண்டு பதவிகளுக்குத் தேர்வானவர்கள். லீ வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போனார். டேவிஸ் மாநிலத்தின் துணை ஆளுநர் ஆனார். இருவருமே கீழவை இடத்தை விட்டு விலகினார்கள்.

இந்த அவையின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 64 ஆயிரம் மக்கள். பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். மேலவையான செனட்டில் 50 பேர், நான்கு ஆண்டுகள். கீழவையில் பெரும்பான்மைக்கு 102 வேண்டும். அந்த 102ஐ எட்ட உதவிய ஒரு தொகுதியில் 2022இல் வெற்றி வித்தியாசம் நூறு வாக்குகளுக்கும் குறைவு. ஒரு தெருவில் குடியிருப்பவர்கள் வாக்களிக்காமல் வீட்டிலேயே இருந்திருந்தால் அவையே கைமாறியிருக்கும்.

அவை கூடியதும் முதல் வேலை சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பது. எந்த மசோதாவை எந்தக் குழுவுக்கு அனுப்புவது, யாருக்குப் பேச வாய்ப்புத் தருவது என்பதெல்லாம் அவர் கையில். அன்றாட நிகழ்ச்சி நிரலை வகுப்பவர் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். உறுப்பினர்களைத் திரட்டி வருவது கொறடாவின் பொறுப்பு. குழுத் தலைவர் பதவிகளும் பெரும்பான்மைக் கட்சிக்கே. ஒரு மசோதா குழுவைத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் அவையில் வாக்கெடுப்புக்கே வராது. ஆகவேதான் அந்த நாற்காலிக்கு இத்தனை போட்டி.

[காட்சி: சபாநாயகர் மேடை. பின்னால் வில்லியம் பென்னும் பெஞ்சமின் பிராங்க்ளினும் நிற்கும் பெரிய சுவரோவியம்.]

101 பேர் இருந்த குடியரசுக் கட்சி தன் ஆளையே அமர்த்தும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. அக்கட்சியின் ஜிம் கிரெகரி எழுந்து, ஜனநாயகக் கட்சிக்காரரான மார்க் ரோஸியின் பெயரை முன்மொழிந்தார். இருவரும் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். தங்களைப் போன்றவர்களுக்கு நீதி கிடைக்கவேண்டும் என்று அதே அவையில் சேர்ந்து போராடியவர்கள். வாக்கெடுப்பில் ரோஸிக்கு 115, எதிர்த்து நின்றவருக்கு 85. குடியரசுக் கட்சியினர் 16 பேர் ரோஸியை ஆதரித்தார்கள்.

இந்த அவைக்கு இது புதிதும் அல்ல. 2007இல் ஜனநாயகக் கட்சிக்கு இதே 102–101 பெரும்பான்மை இருந்தது. தங்களில் ஒருவர் மறுபக்கம் வாக்களிக்கப் போவதாகச் சொன்னதும், அவர்கள் குடியரசுக் கட்சியின் டென்னிஸ் ஓபிரையனையே முன்மொழிந்து சபாநாயகர் ஆக்கினார்கள்.

எந்தக் கட்சியையும் சாராமல் நடப்பேன் என்றார் ரோஸி. கட்சியை விட்டு அவர் விலகாததால் முன்மொழிந்த கிரெகரியே பிறகு அவரைப் பதவி விலகச் சொன்னார். அவை விதிகளில்கூட உடன்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் வேலை நின்றது. பிப்ரவரி 7 இடைத்தேர்தலில் மூன்று இடங்களையும் ஜனநாயகக் கட்சி வென்றது. அந்த மாத இறுதியில், பாதிக்கப்பட்டவர்கள் காலக்கெடு கடந்த பிறகும் வழக்குத் தொடுக்க வழிசெய்யும் மசோதாக்களை ரோஸி கீழவையில் நிறைவேற்றிக் காட்டினார். செனட் அவற்றைக் கிடப்பில் போட்டது. 2024இல் அந்தச் சட்டமன்றக் காலம் முடியும்வரை நிறைவேற்றவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

பிப்ரவரி 28 அன்று ரோஸி விலகினார். மேற்கு பிலடெல்பியாவின் ஜோவானா மெக்ளின்டன் சபாநாயகர் ஆனார். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர் அவர். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். அவருக்கு முன் அங்கே அமர்ந்த கறுப்பினத்தவர் ஒருவரே: 1977இல் சபாநாயகரான லீராய் இர்விஸ்.

[காட்சி: எண்பலகை. 102–101. 101–101. மீண்டும் 102–101.]

அதன் பிறகும் எண்பலகை அடங்கவில்லை. 2023 ஜூலையில் ஒருவர் விலக, 101–101. செப்டம்பர் இடைத்தேர்தலில் மீண்டும் 102. டிசம்பரில் இன்னொருவர் விலகினார். 2024 பிப்ரவரியில் அந்த இடமும் நிரம்பியது. 2024 நவம்பர் தேர்தலிலும் அதே 102–101.

ஆஸ்டின் டேவிஸ் விட்டுச் சென்ற தொகுதி நினைவிருக்கிறதா? 2023 இடைத்தேர்தலில் அங்கே வென்றவர் மேத்யூ கெர்கெலி. 2025 ஜனவரியில் அவை கூடிய நாளில் அவர் உடல்நலம் குன்றி வர இயலாமல் போக, இரு பக்கமும் 101 பேர். அந்த மாதமே அவர் மறைந்தார். மார்ச் 25 அன்று அதே தொகுதி மக்கள் மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாவது முறையாக இடைத்தேர்தலுக்கு வரிசையில் நின்றார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வென்றார். அன்றிரவு எண்பலகை மீண்டும் 102–101.