திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்றவர், வெளியேற்றப்பட்டது ஏன்?

வணக்கம். "கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே எவருக்கும் மீட்பு இல்லை", அதாவது பாவத்திலிருந்து விடுதலை இல்லை, என்று ஓயாமல் போதித்த குரு ஒருவரை, 1953 பிப்ரவரியில் அதே திருச்சபை தன் உறவிலிருந்து விலக்கி வைத்தது. கட்டுக்கதை போலத் தோன்றினாலும் இது பதிவான வரலாறு. அவர் பெயர் லெனார்ட் ஃபீனி. ஊர், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரம்.

அவரிடம் செல்வதற்கு முன், அந்தக் கடுமையான கூற்று எங்கிருந்து முளைத்தது என்பதை விரைவாகப் பார்த்துவிடுவோம். கிறிஸ்தவப் பார்வையில் கடவுள் நம்மைவிடச் சற்றுக் கூடுதலாக நல்லவர் அல்லர். தூய்மையே அவருடைய இயல்பு. அதனால்தான் ஆலயத்தில் அவரைக் காட்சியாகக் கண்ட இறைவாக்கினர் எசாயா, மகிழ்ச்சியில் துள்ளாமல், தாம் அழிந்தோம் என்று அஞ்சி அலறினார். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் இந்த அச்சத்தைத் தருக்கமாக வடித்தார்: பாவத்தின் கனம், அது எவருக்கு எதிரானதோ அவருடைய மாண்பைப் பொறுத்தது, கடவுளுக்கு எதிரான கடனை அடைக்க வேண்டியவர் மனிதர், அடைக்க வல்லவரோ கடவுள் மட்டுமே, ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவரே மீட்பராக இருக்க முடியும். "வேறு எவராலும் மீட்பு இல்லை" என்று திருத்தூதர் பணிகள் நூலில் பேதுரு அறிவிப்பதும் இதனோடு பொருந்துகிறது. முதற்படியை ஏற்றுக்கொண்டவர் இறுதிப் படியை மறுப்பது கடினம் என்பது என் கருத்து.

கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்றால், அவரைக் கேள்விப்படாதவர்களின் கதி என்ன? கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் 3ஆம் நூற்றாண்டில் "திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்று எழுதியபோது, சபையிலிருந்து பிரிந்து சென்றவர்களையே மனத்தில் வைத்திருந்தார். 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கமோ (திருச்சபைத் தலைவர்களின் பேரவை) பிற சமயத்தார், யூதர் ஆகியோரையும் மீட்படையாதோர் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்தது. அப்போது அமெரிக்கா என்றொரு கண்டம் இருப்பதே அந்தச் சங்கத்தில் அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது! அரை நூற்றாண்டுக்குப் பின், நற்செய்தியைக் கேட்க வாய்ப்பே இல்லாதிருந்த மக்கள் கூட்டம் கூட்டமாகக் கண்முன் வந்து நின்றதும், இறையியலாளர்களின் தூக்கம் கெட்டது.

(திரையில்: 1940களின் ஹார்வர்டு வளாகம்)

இப்போது ஃபீனி. கவிஞர், எழுத்தாளர், இயேசு சபைக் குரு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகே இயங்கிய புனித பெனடிக்ட் மையத்தில் மாணவர்களைக் கவர்ந்திழுத்தார். அந்த மையத்தை 1940இல் தொடங்கியவர்களில் ஒருவர், பின்னாளில் கர்தினாலான ஏவரி டல்லஸ் என்பது சுவையான செய்தி. ஃபீனி சிப்ரியானின் வாக்கியத்தை எந்த விலக்கும் இன்றி எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டார். அவரைப் பின்பற்றிய பேராசிரியர்கள் சிலர் 1949இல் பாஸ்டன் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டனர். சச்சரவு ரோமை எட்டியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் கோட்பாட்டைக் காக்கும் பொறுப்புள்ள ரோமின் திருஅலுவலகம் பாஸ்டன் பேராயர் குஷிங்குக்கு எழுதிய மடல், என் பார்வையில், இந்தக் கதையின் மிக நுட்பமான ஆவணம். அது பழைய வாக்கியத்தைத் தவறென்று சொல்லவில்லை. திருச்சபை என்றுமே தவறாது போதித்துவந்த கூற்று என்று உறுதிப்படுத்தியது. ஆயினும் அதைத் திருச்சபை புரிந்துகொள்கிறவாறே புரிந்துகொள்ள வேண்டும் என்றது. அறியாமை தன் குற்றமாக இல்லாத ஒருவர், கடவுளின் விருப்பத்துக்கு இணங்கி வாழ விழையும்போது, திருச்சபையில் சேரும் ஆவல் அவருக்குள் உள்ளார்ந்து இருக்கக்கூடும். ஆனால் அந்த ஆவல்கூட விசுவாசமும் அன்பும் கொண்டதாக இருந்தாக வேண்டும். 'நல்லவராக இருந்தால் போதும்' என்று அந்த மடல் எங்கும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்மில் பலர் வழுக்கி விழும் இடம் அதுதான்.

ஃபீனி பணியவில்லை. ரோமுக்கு வருமாறு விடுக்கப்பட்ட அழைப்பையும் ஏற்கவில்லை. 1953ஆம் ஆண்டு ஆணை சுமத்திய குற்றம் கீழ்ப்படியாமை. திருச்சபை இன்றியமையாதது என்று வாதாடியவர், திருச்சபையின் சொல்லையே கேட்க மறுத்தார். இதற்கு மேல் நகைச்சுவை எழுத எனக்குத் திறமை போதாது.

1972இல் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. கருத்தைத் திரும்பப் பெறுமாறு எவரும் அவரை வற்புறுத்தவில்லை. இடையில், 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் கோட்பாட்டு ஏட்டில் இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தது: 14ஆம் பத்தி மீட்புக்குத் திருச்சபை தேவை என்கிறது, 16ஆம் பத்தி குற்றமற்ற அறியாமையில் இருப்போரும் மீட்படையலாம் என்கிறது. கருத்துப் பெட்டியில் சண்டை தொடங்க விரும்பும் நண்பர்கள், தயவுசெய்து இரண்டு பத்திகளையும் படித்துவிட்டு வாருங்கள்.