நம்பிக்கையை வாசலில் கழற்றி வைக்க முடியாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சமூகப் பணியாளரின் அரசியல் நம்பிக்கை அவர் தொழிலுக்குப் பலமா, பாரமா என்பது தலைப்பு. பலமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழியார் ஒரு காட்சியை விவரித்தார். சிகிச்சைக்கு உதவி கேட்ட குடும்பத்தை விசாரிக்கப் பணியாளர் போகிறார். சுவரில் அவருக்குப் பிடிக்காத கட்சித் தலைவரின் படம் தொங்குகிறது. அறிக்கையின் தொனியே மாறிவிடுகிறது. அப்படி எழுதுகிறவர் இந்தத் தொழிலுக்கே தகுதியற்றவர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், நம்பிக்கை எதுவும் இல்லாதவர் போயிருந்தால் நியாயமாக எழுதியிருப்பார் என்று முடித்தாரே, அங்கேதான் மறுக்கிறேன். அப்படி ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. "குடிக்கிறவன் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் கரையேறாது" என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும், தமக்கு அரசியலே கிடையாது என்றவர்கள். வறுமைக்கு ஏழையே காரணம் என்பது அரசியல் அல்லாமல் வேறென்ன? 1869இல் லண்டனில் தொடங்கிய அறநிதி ஒழுங்கமைப்புச் சங்கம் ஏழைகளை உதவிக்குத் தகுந்தவர், தகாதவர் என்று பிரித்தது. அறிவியல் முறையிலான தருமம் என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். தான் சுமப்பது ஒரு நம்பிக்கை என்று அறிந்தவர், எழுதிய அறிக்கையை இன்னொரு முறை சந்தேகத்தோடு படிப்பார். அறியாதவர் அதை உண்மை என்றே கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார்.

தோழியார் ஹிட்லரின் ஜெர்மனியையும் சான்றாகக் காட்டினார். பரம்பரை நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் 1934இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் அதற்கு ஆளானார்கள். குடும்பங்களுக்கு உதவுவதற்காக நலப் பணியாளர்கள் திரட்டிய கோப்புகளும் அதற்குப் பயன்பட்டன. என் நெஞ்சை அறுக்கும் செய்தி இது. அந்தக் கோப்பைக் கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் அவருக்குள் என்ன இருந்திருக்க வேண்டும்? விதிகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதாது; விதியே அரசின் பக்கம் இருந்தது. மனிதர் எல்லாரும் சமம் என்ற அரசியல் நம்பிக்கை ஒன்றுதான் அந்தக் கையைத் தடுத்திருக்கும்.

இனி சிகாகோவுக்கு வாருங்கள். ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு பெண்கள் 1889இல் புலம்பெயர்ந்த ஏழைகள் நடுவே ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். அங்கே வந்து தங்கிய ஃபுளாரன்ஸ் கெல்லி வெளிப்படையான சோஷலிஸ்ட்; கார்ல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அந்த நம்பிக்கையை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தால், வீட்டுக்குள்ளேயே நடந்த தையல் பட்டறைகளில் வாடிய குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றியதோடு நின்றிருப்பார். அவரோ வீடு வீடாக ஏறிக் கணக்கெடுத்தார். 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு வைக்கக் கூடாது என்று, சிகாகோ அடங்கிய இல்லினாய் மாநிலம் 1893இல் சட்டம் செய்தது. அதைச் செயல்படுத்தும் தலைமை ஆய்வாளராகக் கெல்லியையே ஆளுநர் நியமித்தார்.

ஆடம்ஸின் கதை இன்னும் எனக்கு நெருக்கமானது. அந்த வட்டாரத்துக் குப்பை அள்ளப்படாமலே கிடந்தது. நோயுற்ற பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது சேவை. குப்பை ஏன் கிடக்கிறது என்று கேட்டாலோ, அது வார்டு உறுப்பினரின் அதிகாரத்தில் போய் முட்டும். ஆடம்ஸ் கேட்டார். குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்குத் தாமே விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். ஆனால் 1895இல் மேயர் அவரையே வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். விடியற்காலையில் எழுந்து வண்டிகளின் பின்னாலேயே போனார். அந்த வார்டு உறுப்பினரைத் தேர்தலில் எதிர்த்து வேலை செய்தார், தோற்றார். ஆடம்ஸின் ஹல் ஹவுஸ் கதவைத் தட்டியவர்களில் அந்த உறுப்பினருக்கே வாக்களித்தவர்களும் ஏராளம். அவர்களுக்கு அந்தக் கதவு மூடப்படவில்லை, நடுவர் அவர்களே. தோழியாரின் சுவர்ப் படத்துக்கு என் பதில் அந்தக் கதவுதான்.

ஆடம்ஸ் குப்பை அள்ள வைத்த அந்த வார்டில், ஒரு குறுகலான தெருவில் அழுக்கைச் சுரண்டிக்கொண்டே போனபோது, ஒன்றரை அடி ஆழத்தில் கல் பாவிய பாதை ஒன்று தென்பட்டது. பிறகு தேடிப் பார்த்தபோது, அந்தப் பாதை நகராட்சிப் பதிவேட்டில் முன்பே இருந்தது. அங்கே குடியிருந்தவர்களின் காலுக்குத்தான் அது அதுவரை எட்டவில்லை.