ஆங்கிலக் கட்டுரை: வகுப்பில் ஒரே ஒரு பத்தியில் தொடங்குவோம்

[திரையில்: கரும்பலகை. அதில் ‘வாட்டர் ப்ராப்ளம் இன் சென்னை’ என்ற தலைப்பு]

வணக்கம். சென்னையில் ஏதாவது ஒரு கலை அறிவியல் கல்லூரியின் முதலாண்டு வகுப்புக்குப் போய், இந்தத் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். நிறைய பேர் ‘வாட்டர் இஸ் வெரி எசென்ஷியல் ஃபார் ஹியூமன் லைஃப்’ என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த வரி, தண்ணீரைச் சேமிக்க வேண்டும். அதற்கடுத்து, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். இலக்கணப் பிழை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எழுதியவர் இருப்பது சென்னையிலா சிட்னியிலா என்று அந்தப் பத்தியை வைத்துச் சொல்ல முடியாது.

‘இங்கிலீஷ் வீக்’ என்று சொல்லி இதை முடித்துவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ப்ளஸ் டூ வரை கைடில் இருந்த கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதியவர் அவர். கல்லூரியிலும் பகுதி 2 ஆங்கிலத்துக்கு நோட்ஸ் கிடைத்துவிடுகிறது. ‘நீ என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய்’ என்று யாரும் அவரைக் கேட்டதே இல்லை. கேட்டால் என்ன நடக்கும், அதை ஒரு பத்தியாகவும் பிறகு கட்டுரையாகவும் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இந்த வீடியோ. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆங்கில ஆசிரியர்களை மனதில் வைத்துப் பேசுகிறேன். மாணவர்களும் தாராளமாகப் பார்க்கலாம்.

[திரையில்: தலைப்பு அழிகிறது. அங்கே ஒரு கேள்வி வருகிறது]

முதலில் அந்தத் தலைப்பை அழித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய இதே ஊருக்கு, 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டி வந்தது ஏன்?

இப்போது பத்து நிமிடம் தமிழில் பேச விடுங்கள். ஆமாம், ஆங்கில வகுப்பில் தமிழில்தான். வேளச்சேரிப் பெண் முதல் மாடி வரை தண்ணீர் வந்ததைச் சொல்வார். வில்லிவாக்கம் பையன் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதைச் சொல்வார். ஏரியை மூடி வீடு கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று ஒருவர் சொல்ல, அப்போ எங்கேதான் வீடு கட்டுவது என்று இன்னொருவர் எதிர்த்துக் கேட்பார். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, ஆங்கில வகுப்பில் வாயே திறக்காத மாணவர்கள் இந்தப் பத்து நிமிடத்தில் நன்றாக வாதாடுவார்கள். சிந்தனை அவர்களிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை எந்த வரிசையில் வைப்பது என்பதை மட்டும்தான் நாம் கற்றுத்தர வேண்டும்.

பேச்சு சூடாக இருக்கும்போதே, ஒவ்வொருவரும் தன் பதிலை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக எழுதட்டும். எளிய சொற்களே போதும். ‘சென்னை கெட்ஸ் எனஃப் ரெயின், பட் இட் டஸ் நாட் கீப் இட்.’ மழை போதுமான அளவு பெய்கிறது, ஊர் அதைத் தேக்கி வைப்பதில்லை. இதை யாராவது மறுக்கலாம். மறுக்க முடிகிறது என்றால் அது ஒரு கருத்து. ‘வாட்டர் இஸ் எசென்ஷியல்’ என்பதை யார் மறுக்கப்போகிறார்கள்? அதனால்தான் அதற்குப் பிறகு எழுத எதுவும் கிடைப்பதில்லை.

அந்த ஒரு வாக்கியத்தை டாபிக் சென்டன்ஸ் என்கிறோம். பத்தியின் முதல் வாக்கியமே அது எதைப் பற்றியது என்று காட்டிவிட வேண்டும், மற்ற வாக்கியங்கள் அதை விட்டு விலகக் கூடாது என்று விதியாக வகுத்தவர் அலெக்சாண்டர் பெயின். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் தர்க்கமும் ஆங்கிலமும் கற்பித்தவர். 1866-ல் வந்த அவருடைய பாடநூலில் இது இருக்கிறது. ஆங்கிலம் புழங்கும் நாட்டு மாணவர்களுக்கே பத்தி எழுதுவதைப் பாடமாக நடத்த வேண்டியிருந்தது என்பதை நம் மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். இது பிறவியில் வருவதில்லை என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

[திரையில்: டாபிக் சென்டன்ஸின் கீழே மாணவர்கள் சொன்ன ஐந்து தகவல்கள்]

சரி, வாக்கியம் கிடைத்துவிட்டது. அடுத்து, அதைத் தாங்கும் தகவல்கள். மாணவர்கள் சொல்வதையெல்லாம் பலகையில் எழுதுங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை; லண்டனில் சுமார் 600 தான். நம் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகிவிட்டது. மீஞ்சூரில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். மெரினா உலகின் நீளமான கடற்கரைகளில் ஒன்று.

இவற்றில் எது நம் வாக்கியத்துக்கு வேலை செய்கிறது என்று கேளுங்கள். மழைக் கணக்கு இரண்டும் செய்கின்றன. பள்ளிக்கரணையும் செய்கிறது. மெரினாவை அவர்களே அடித்துவிடுவார்கள். மீஞ்சூர்தான் சிக்கல். தண்ணீரைப் பற்றியதுதான், முக்கியமானதும் கூட. ஆனால் மழையைத் தேக்குவதைப் பற்றிய பத்தியில் அதற்கு இடமில்லை. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், ஒரு முழு வகுப்பு போனாலும் பரவாயில்லை. நல்ல தகவலாக இருந்தும் இந்தப் பத்தியில் சேராது என்று ஒரு மாணவர் முடிவெடுப்பதுதான் எழுத்துப் பயிற்சியின் உயிர்.

இணைப்புச் சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ என்று பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இரண்டு வாக்கியங்களைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ‘ஆனால்’ வருகிறதா, ‘அதனால்’ வருகிறதா? இரண்டுமே வரவில்லை என்றால் அந்த வாக்கியங்களுக்குள் உறவே இல்லாமல் இருக்கலாம். ‘மோர்ஓவர்’ போட்டு ஒட்டினால் ஒட்டாது.

இனி கட்டுரை. மீஞ்சூரை ஒதுக்கி வைத்தோம் அல்லவா? கட்டுரை அங்கிருந்துதான் வளர்கிறது. மழையைத் தேக்காவிட்டால் என்ன, கடல்நீர் இருக்கிறதே என்று ஒருவர் கேட்பார். அந்த எதிர்வாதத்துக்குத் தனிப் பத்தி வேண்டும். கடல்நீர் ஆலை குடிக்கத் தண்ணீர் தரும், டிசம்பர் வெள்ளத்தை உறிஞ்சாது என்பது அதற்கு ஒரு பதில். அப்படியானால் என்ன செய்யலாம்? மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமானது. நம் கல்லூரிக் கட்டடத்தில் அது இன்று வேலை செய்கிறதா? மாணவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதட்டும். அது இன்னொரு பத்தி. முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்று முதலிலேயே கட்டம் போட்டுக் கொடுத்தால், கட்டத்தை நிரப்பத்தான் எழுதுவார்கள். கேள்விக்கு எத்தனை பத்தி தேவையோ அத்தனை எழுதட்டும். முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். கட்டுரை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகு அது எளிது.

அப்புறம், திருத்துவது. தாள் முழுக்கச் சிவப்பு மை போட்டால் மாணவர் பார்ப்பது மார்க்கை மட்டும்தான். முதல் வரைவில் பிழைகளைத் தொடாதீர்கள். கருத்தைப் பற்றி மட்டும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: ‘இது எப்படித் தெரியும்?’, ‘எந்த ஏரி?’ இரண்டாம் வரைவில் ஒரே வகைப் பிழையை எடுங்கள். ஒரு வாரம் எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா என்பது மட்டும். இன்னொரு வாரம் ‘எ’, ‘தி’ மட்டும். வகுப்பில் அறுபது பேர் இருந்தால் இரண்டு வரைவையும் நீங்களே படிப்பது கடினம். முதல் வரைவை இருவர் இருவராகத் தாளை மாற்றி, ஒருவருக்கொருவர் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். எழுதியவர் தன் வாக்கியத்தை இன்னொருவர் குரலில் கேட்கும்போது, எங்கே தடுக்குகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடியில் எழுதிக் கொண்டுவருகிறார்களே என்று கேட்பீர்கள். முதல் வரைவை வகுப்பிலேயே, பேனாவும் தாளுமாக எழுத வையுங்கள். உள் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் இடையில் மாணவர் என்ன மாற்றினார் என்பதற்குக் கொடுங்கள். இரண்டு தாள்களையும் ஒன்றாகப் பின் செய்து வாங்குங்கள்.