முதலில் காது, பிறகு வயிறு, கடைசியில் முகம்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, மட்டக்களப்பு வாவிக் காற்றோடு நுளம்பையும் பொறுத்துக்கொண்டு இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் இருக்கும் கல்லடி மக்களே, வணக்கம்.

'பொறியில் ஓடும் கைமணிக்கூடுகளைத் தேடிச் சேர்ப்பது ரசனையா, வீண்செலவா?' ரசனையே என்று பேச வந்திருக்கிறேன். நான்கு பக்கக் குறிப்போடுதான் வந்தேன். அதை இப்போது மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். எதிரணிச் சகோதரி சற்று முன் சொன்ன ஒரு வசனத்துக்குப் பதில் சொல்லாமல் என்னால் வேறெதையும் பேச முடியாது.

என்ன சொன்னார்? "கைத்தொலைபேசியில் நேரம் இலவசமாகக் கிடக்கிறது. நாளுக்குப் பத்து விநாடி பிந்தும் மணிக்கூட்டுக்குச் சம்பளத்தைக் கொட்டுகிறவர்களுக்கு நேரமே சரியில்லை!"

நீங்கள் கைதட்டினீர்கள். பின்வரிசையில் விசில் கூட அடித்தார்கள். நல்ல வசனம், நானும் தட்டினேன். ஆனால் சகோதரி, நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டால் சாதகத்தைக் கொண்டுவந்து கணக்குப் பார்ப்பதுதானே நம் ஊர் வழக்கம்? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு நாளில் 86,400 விநாடிகள். அதில் பத்து விநாடி பிந்துகிறது. இதைத் தூரமாக மாற்றிப் பாருங்கள். ஒரு கிலோமீற்றர் நடந்துபோய் அரைச் சாண் தள்ளி நிற்பதற்குச் சமம். அரைச் சாண், நடுவர் அவர்களே! யாருடைய உதவியுமின்றி, பற்றரி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், விரல் நகமளவு வீட்டுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு ஸ்பிரிங் மெல்ல மெல்ல விரியும் பலத்தால் நடந்த நடை அது. உள்ளே ஒரு சிறு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. சாதாரண ஜப்பானிய மணிக்கூட்டில் விநாடிக்கு ஆறு ஆட்டம். நாளுக்கு 518,400. நம் இதயம் ஒரு நாளில் துடிப்பது ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை. அதைப் போல ஐந்து மடங்கு ஆடிவிட்டு, வெயிலில் வெந்து, சைக்கிளில் குலுங்கி, கிணற்றடியில் நனைந்து, பத்தே பத்து விநாடி பிந்தி வந்து நிற்கிறது. அதைப் பார்த்தா நேரம் சரியில்லை என்றீர்கள்?

சகோதரியின் கட்சியில் முன்பொரு காலம் உலகமே நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1969 டிசம்பர் 25. ஜப்பானில் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரோன் என்ற முதல் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. அந்த வழியில் வந்தவைதான் இன்று பெட்டிக்கடையிலும் தொங்கும் பற்றரி மணிக்கூடுகள். 1970 அளவில் சுவிற்சர்லாந்தில் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர். பதினைந்து ஆண்டுகளில் 30,000 அளவுக்கு வந்துவிட்டார்கள். பொறி மணிக்கூட்டுக்குப் பாடை கட்டியாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அது எழுந்து வந்துவிட்டது. எப்படி வந்தது? அதற்கு நான் ஒரு கதை சொல்ல வேண்டும். முன்பு கேட்டவர்கள் இருந்தால் மன்னியுங்கள், மறுபடியும் கேளுங்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. முதற் சம்பளம். பஸ் நிலையத்தருகே ஒருவர் துணி விரித்துப் பழைய மணிக்கூடுகளைப் பரப்பியிருந்தார். அதிலே ஒன்று, சிவப்பு முகப்பு. என்ன சிவப்பு! மாமாங்கத் திருவிழாக் கடையில் தொங்கும் காப்பைப் போலப் பளபளக்கிறது. 'சுவிஸ்' என்று எழுதியிருக்கிறது, '17 ஜுவல்ஸ்' என்றும் எழுதியிருக்கிறது. நாற்பது வருடப் பழசு என்கிறார், முகத்தில் ஒரு கீறல் கூட இல்லை. வாங்கிவிட்டேன். கையில் கட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தில் நடக்கிறேன். எதிரே வருகிறவர்கள் யாரும் நேரம் கேட்க மாட்டார்களா என்று ஏங்கி ஏங்கி நடக்கிறேன்.

நான்காம் நாள் நின்றுவிட்டது.

பஜாரில் மணிக்கூடு திருத்தும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார், காக்கா என்றுதான் அழைப்போம். கடை என்று சொல்ல முடியாது. ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் செருகிய பூதக்கண்ணாடி. சிவப்பு மணிக்கூட்டை அவர் முன் வைத்தேன். நடுவர் அவர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். அவர் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. திருகை நாலு சுற்றுச் சுற்றினார். எடுத்துக் காதில் வைத்தார். கண்ணை மூடினார்.

இந்த ஊரில் எனக்கு அது தெரிந்த காட்சி. முழுநிலவில் வாவிக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனுக்காகக் காத்திருப்போமே, அந்த முகம். அப்படியே அந்த முகம்! மூச்சை அடக்கிக்கொண்டு, உள்ளே யாரோ பேசுவதைக் கேட்பது போல.

கேட்டார். கண்ணைத் திறந்தார். "தம்பி, இது நொண்டுகிறது" என்றார்.

பிறகு பின்மூடியைத் திருப்பித் திறந்தார். பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். பார்த்தேன். துரு. ஒரு திருகாணி வேறு மணிக்கூட்டிலிருந்து வந்தது. பதினேழு கல்லில் ஒன்று உடைந்திருந்தது. அந்தக் கற்கள் இரத்தினபுரியில் தோண்டியவை அல்ல, மனிதன் உருவாக்கிய மாணிக்கம். அச்சுகள் தேயாமல் சுழலுவதற்காகப் பதிப்பவை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியாகத்தான் முன்புறம் திருப்பினார். "முகத்துக்குப் புதிதாகச் சாயம் பூசியிருக்கிறார்கள். நாற்பது வயதில் முகத்தில் சுருக்கம் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டாமா?" என்றார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "முதலில் காது. பிறகு வயிறு. கடைசியில் முகம். இனி இந்த வரிசையில் வாங்கு."

முதலில் காது, பிறகு வயிறு, கடைசியில் முகம். எனக்கு யாரும் இதைவிடச் சுருக்கமாக எதையும் கற்பித்ததில்லை.

இந்தக் கதையைக் கொக்கட்டிச்சோலையில் ஒரு மேடையில் சொன்னேன். கூட்டம் முடிந்து இறங்கினால், ஒரு முதியவர் வழியை மறித்து நிற்கிறார். ஒன்றும் பேசவில்லை. தன் கையிலிருந்ததைக் கழற்றி என் காதில் வைத்துவிட்டார். கேட்டேன். தெளிவான ஓசை, ஒரே சீர். முகப்பு மஞ்சளடித்திருந்தது, பட்டி மூன்றாவது பட்டி. "ஒவ்வொரு காலையும் தேத்தண்ணீருக்கு முன் சாவி கொடுப்பேன், ஐம்பது வருடமாக" என்றார். முகத்தைக் கடைசியாகத்தான் காட்டினார், பார்த்தீர்களா! அவருக்குக் காக்காவைத் தெரியாது. அந்த வரிசை மட்டும் தெரிந்திருக்கிறது.

இப்போது சொல்லுங்கள் சகோதரி, கைத்தொலைபேசியைக் காதில் வைத்தால் யாரோ ஒருவர் பேசினால்தானே கேட்கும்? இது தானாகவே பேசுகிறது. இறந்துபோகவிருந்த தொழில் எழுந்து வந்தது இந்தக் காதுகளால்தான்.

ஒரு சுவிஸ் மணிக்கூட்டின் விலையில் இரண்டு பரப்புக் காணி வாங்கலாம் என்று இன்னொரு நண்பர் சொன்னார். வாங்குங்கள், நல்ல காரியம். ஆனால் ரசனைக்கு அந்த விலை தேவையில்லை. என் பெட்டியில் இருக்கும் ஒன்பது மணிக்கூடுகளையும் சேர்த்தால் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலை வராது. தேர்வு செய்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரே ஒரு வார்த்தை: மணிக்கூட்டுக்கு முன் திருத்துகிறவரைத் தேடிக்கொள்ளுங்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி எண்ணெய் விட ஆள் இல்லாத ஊரில் எந்தப் பெயர் பெற்ற மணிக்கூடும் நிலைக்காது. காக்காவின் மேசை இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் இரண்டு நிமிடம் தாருங்கள் ஐயா. இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

என் அப்பா 1984இல் சவூதிக்குப் போனார். ஐந்து வருடம். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு சீக்கோ 5, அதே சீக்கோ நிறுவனத்தின் பொறி மணிக்கூடு. வளைகுடா போய் வந்த எத்தனையோ கைகளில் அது இருந்தது, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கும். சாவி கொடுக்க வேண்டியதில்லை. கை அசைந்தால் உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிவிடும். கிழமையை ஆங்கிலத்திலும் வைக்கலாம், அரபியிலும் வைக்கலாம். அப்பா அரபியிலேயே வைத்திருந்தார், கடைசி வரை. அவருக்கு வாசிக்கத் தெரிந்த அரபி அந்த ஏழு சொற்கள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அப்பா போய்விட்டார். அம்மா அவர் கையிலிருந்து மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரித் தட்டில் வைத்தார். மறுநாள் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வருகிறோம். வீடு நிறைய ஆட்கள், யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் அலுமாரியிலிருந்து ஓசை கேட்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறது! கழற்றி வைத்தால் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடக்கூடிய மணிக்கூடு அது. அப்பாவின் கை கடைசியாக எப்போது அசைந்ததோ, யாரை அழைக்கவோ, போர்வையை இழுக்கவோ, அந்த அசைவு உள்ளே சுருண்டிருந்து இன்னும் விரிந்துகொண்டிருந்தது. அம்மா இரவு முழுவதும் அலுமாரிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்தார்.

வியாழன் மதியம் நின்றது. சின்னச் சாளரத்தில் 'அல்-கமீஸ்'. யாரும் அதைத் தொடவில்லை. முப்பத்தோராம் நாள் கடமைகள் முடிந்த காலையில் அம்மா அதைக் கையில் எடுத்தார். தொட்டிலை ஆட்டுவது போல மெல்ல இரண்டு பக்கமும் ஆட்டினார். காதில் வைத்தார். கண்ணை மூடினார்.

அன்றிலிருந்து அம்மா ஒரு காலை கூடத் தவறவிட்டதில்லை.

நடுவர் அவர்களே, அந்த மணிக்கூடு இதோ. இன்று இரவுக்கு மட்டும் அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், விடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். தீர்ப்பை எழுதி முடிக்கும் வரை இதை நீங்கள் கையில் கட்டியிருங்கள். இடக்கையில் வேண்டாம் ஐயா. எழுதும் கையில் கட்டுங்கள்.